பீருக்கு எந்த ஈஸ்ட்? பெங்களூர் வாசகர்கள் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல, வீட்ல செய்ற பிரெட் ஏன் உப்பவே மாட்டேங்குதுன்னு கேட்ட ஒரு அம்மாவுக்கு பதில் எழுதும்போது "பீருக்குப் போடற ஈஸ்ட் தனி சமாச்சாரம், அத இன்னொரு நாள் பேசலாம்"னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். பிரெட்ட எல்லாரும் மறந்துட்டாங்க, அந்த ஒத்த வரிய மட்டும் புடிச்சுக்கிட்டாங்க. வந்த கேள்வில முக்காவாசி பெங்களூர்ல இருந்துதான், அதுலயும் பாதி பேர் "பேர் மட்டும் போட்றாதீங்க, எங்க வீட்ல இந்தப் பத்திரிகை வாங்கறாங்க"ன்னு கீழ குறிப்பு வேற. அதனால இந்த தடவை ஏரியா பேர் மட்டும்.

என் மச்சான் சிட்னில இருந்து வந்தப்ப பீர் கிட்னு ஒரு டின் கொண்டு வந்தான். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில குட்டியா ஒரு ஈஸ்ட் பாக்கெட் இருக்கு. அதையே போட்டா போதுமா, இல்ல வேற ஈஸ்ட் வாங்கணுமா? டின் ஒன்றரை வருஷமா கிச்சன் ஷெல்ஃப்ல கெடக்கு.
– இந்திராநகர் வாசகர்

மொதல்ல அந்த டின்ல என்ன இருக்குன்னு பாத்துருவோம். பார்லிய முளை கட்டி காயவெச்சா மால்ட். அத வெந்நீர்ல ஊறவெச்சா மாவுச்சத்து எல்லாம் சக்கரையா மாறி இனிப்புத் தண்ணியா வரும், அதுல ஹாப்ஸ் பூ போட்டு கொதிக்கவெச்சு கசப்பு ஏத்தி, அப்புறம் தண்ணிய வத்த வெச்சு தேன் பதத்துல அடைச்சு வெச்சிருக்காங்க. பொதுவா 1.7 கிலோ டின், தண்ணி ஊத்தி கலக்கினா 23 லிட்டர் வரும். அதாவது கஷ்டமான வேலை எல்லாம் ஃபேக்டரிலயே முடிஞ்சுது, உங்க கையில மிச்சம் இருக்கறது சுத்தம், வெப்பம், ஈஸ்ட் இந்த மூணுதான்.

கிட் ஈஸ்ட்னாலே குப்பைனு ஒரு பேச்சு இருக்கு, அது முழுசா நியாயம் கெடையாது. அதுவும் நல்ல ஈஸ்ட்தான், ஆனா அளவு கம்மி, பெரும்பாலும் 5லிருந்து 7 கிராம், 23 லிட்டருக்கு அது இழுத்துப் புடிச்சாதான் வரும். தனியா விக்கற பாக்கெட் 11, 11.5 கிராம் இருக்கும். உங்க கேஸ்ல அளவ விட பெரிய சிக்கல் அந்த ஒன்றரை வருஷம். டிரை ஈஸ்ட்ட ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு வருஷம் போல தாக்குப் புடிக்கும், ஆனா நம்ம கிச்சன் ஷெல்ஃப்ல, அடுப்புக்கு மேல, ரெண்டு ஏப்ரல் தாண்டியிருந்தா உள்ள எத்தன உசுரோட இருக்கும்னு சொல்ல முடியாது. சந்தேகமா இருந்தா ஒரு டம்ளர் கொதிச்சு ஆறின தண்ணி, கைக்கு லேசா வெதுவெதுன்னு 30, 35 டிகிரி இருக்கணும், அதுல பாக்கெட்ட தூவி கால் மணி நேரம் அசைக்காம விடுங்க. மேல க்ரீம் மாதிரி நுரைச்சு வந்தா உசுரு இருக்கு. அப்படியே சேறா அடியில உக்காந்துடுச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. டின்னுலயும் தேதி பாருங்க, உள்ள இருக்கற எக்ஸ்ட்ராக்ட், அதாவது வத்த வெச்ச மால்ட் சாறு, பழசானா கருத்துப்போய் ஒரு மாதிரி காஞ்ச வெல்ல வாசனை அடிக்கும், அத எந்த ஈஸ்ட்டாலயும் சரி பண்ண முடியாது.

இன்னொண்ணு, டின்னு மேல "1 கிலோ சக்கரை சேர்க்கவும்"னு எழுதியிருக்கும். வெறும் வெள்ளை சக்கரைய அவ்ளோ போட்டா போதை வரும், ஆனா வாய்ல கனமே இல்லாத தண்ணி பீரா வரும். அதுல பாதியாவது டிரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டா, அதாவது மால்ட் சாறு பொடியா, மாத்துங்க, வித்தியாசம் மொத வாய்லயே தெரியும். ஆனா டின்ன தொறக்கறதுக்கு முன்னாடி அடுத்த கேள்விய படிச்சுட்டு தொறங்க.

சும்மா நாமளே குடிக்கறதுக்கு வீட்ல பீர் காய்ச்சறது தப்பா சார்? கடையில கிட் விக்கறாங்களே, ஆன்லைன்ல ஈஸ்ட் கிடைக்குதே?
– மர்ஃபி டவுன் வாசகர்

ஈஸ்ட் விக்கறது தப்பில்ல, மால்ட் விக்கறதும் தப்பில்ல, ரெண்டையும் சேர்த்து சாராயச் சத்து உண்டாக்கறதுலதான் சட்டம் உள்ள வருது. கர்நாடகா எக்சைஸ் சட்டம் 1965 படி லைசன்ஸ் இல்லாம மதுபானம் தயாரிக்கக் கூடாது. "விக்கல சார், எங்க வீட்ல நாங்களே குடிக்கறோம்"ங்கற சமாதானத்த நம்பி எக்சைஸ்காரர் முன்னாடி போய் நிக்காதீங்க. ஒசூர் பார்டர் தாண்டினா இன்னும் மோசம், தமிழ்நாட்டுல இருக்கறது 1937 மதுவிலக்குச் சட்டம்.

வெளிநாட்டுலயும் இது ஆதிகாலத்துல இருந்து ஃப்ரீயா இருக்கல. இங்கிலாந்துல வீட்டு பீருக்கு லைசன்ஸ் வேணும்ங்கறத 1963ல தான் எடுத்தாங்க. ஆஸ்திரேலியாவுல 1970கள்ல தான் கட்டு தளர்ந்துச்சு, அமெரிக்காவுல 1978ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூட்டாட்சி அளவுல அனுமதி. இங்கயும் ஒரு நாள் மாறலாம், மாறணும்ங்கறது என் அபிப்பிராயம், பப்புக்கு லைசன்ஸ் குடுத்து ஊரெல்லாம் காய்ச்ச விட்டுட்டு பக்கெட் அளவுல காய்ச்சறவன தடுக்கறதுல பெரிய லாஜிக் இல்ல. ஆனா என் அபிப்பிராயத்த கோர்ட்ல காட்ட முடியாது. கீழ வர்ற பதில் எல்லாம் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு, அனுமதி இருக்கற ஊர்ல இருக்கற உங்க பிள்ளைங்க, மச்சான்மாருக்கு.

ஒயிட்ஃபீல்ட்ல எட்டாவது மாடி, மேற்கு பாத்த ஃப்ளாட். சாயந்திரம் செவுத்துல கை வெக்க முடியாது. இந்த மாதிரி வீட்டு சூட்டுக்குன்னு ஏதாவது ஈஸ்ட் இருக்கா? ஏசி ஓட்டியே ஆகணுமா?
– ஒயிட்ஃபீல்ட் வாசகி

இதுதான் கேள்வி. எல்லாரும் "எந்த ஈஸ்ட் டேஸ்ட்டு"ன்னு கேக்கறாங்க, நீங்க ஒருத்தர்தான் வீட்டு சூட்ட சொல்லிட்டு கேட்டிருக்கீங்க, உண்மையில அப்படித்தான் ஈஸ்ட் பாக்கணும். பெங்களூர்னா ஊர் பூரா ஏசின்னு சொந்தக்காரங்க நெனச்சுக்கிட்டு இருக்காங்க, 2016 ஏப்ரல்ல 39.2 டிகிரி அடிச்ச ஊரு இது.

ஏல்னா ரொம்ப குளிர் இல்லாம புளிக்க வெக்கற பீர் வகை. சாதாரண ஏல் ஈஸ்ட், அதாவது கிட்ல வர்றது, தனி பாக்கெட்டா விக்கற யுஎஸ்-05, எஸ்-04, நாட்டிங்ஹாம் இதெல்லாம் 18லிருந்து 22 டிகிரிக்குள்ள வேலை செஞ்சா சுத்தமா இருக்கும். இந்த டிகிரி ரூமோட டிகிரி கெடையாது, பக்கெட்டுக்குள்ள இருக்கற பீரோட டிகிரி. ஈஸ்ட் சக்கரைய தின்னும்போது அதுவே சூடு கிளப்பும், வேகமா புளிக்கற நேரத்துல ரூம விட ரெண்டு மூணு டிகிரி, சில சமயம் அதுக்கும் மேல உள்ள ஏறிடும். ரூம் 28 இருந்தா உள்ள 31, 32. அந்த சூட்டுல இந்த ஈஸ்ட் எல்லாம் பதறிப்போய் ஃபியூசல் ஆல்கஹால்னு ஒரு காரமான சமாச்சாரத்த உண்டாக்கும், குடிச்சா நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு நெடி, மறுநாள் காலையில மண்டை இடி. வாசனை எல்லாம் பெரும்பாலும் மொத ரெண்டு மூணு நாள்லயே முடிவாயிடும், அதனால ரெண்டு வாரம் பூரா ஏசி ஓட்ட வேண்டாம், ஆரம்பத்துல மட்டும் புடிச்சு வெச்சா பாதி கெணறு தாண்டின மாதிரி.

அதுக்கு ஏசிய விட சீப்பான வழி இருக்கு. குளிக்கற பெரிய டப்ல பாதி தண்ணி, அதுல பக்கெட்ட உக்கார வெச்சு, மேல ஒரு பழைய காட்டன் துண்ட நனைச்சு சுத்தி, துண்டோட நுனி தண்ணில முங்கியே இருக்கணும், எதிர்ல டேபிள் ஃபேன். காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணுன்னு ஐஸ் பாட்டில் தண்ணில போடுங்க. மார்ச் ஏப்ரல்ல பெங்களூர் காத்து காஞ்சு கெடக்கறதால துண்டுல இருந்து தண்ணி சட்டுனு ஆவியாகி நல்லா குளிர வெக்கும். இதையே மும்பைலயோ சென்னைலயோ செஞ்சீங்கன்னா துண்டு ஈரமா இருக்கும், அவ்ளோதான்.

இவ்ளோ மெனக்கெட மாட்டேன்னா க்வெய்க்னு ஒரு ரகம் இருக்கு. நார்வே நாட்டு மேற்குப் பக்கம் கிராமங்கள்ல பண்ணை வீட்டுக்காரங்க தலைமுறை தலைமுறையா காப்பாத்தி வெச்சிருந்த ஈஸ்ட். மரத்துல வளையம் வளையமா செஞ்ச ஒரு மாலைய புளிச்ச பீர்ல முக்கி எடுத்து, உத்தரத்துல தொங்க விட்டு காயவெச்சு, அடுத்த தடவை அதையே உள்ள போடுவாங்க. அவங்க ரத்தச்சூட்டு பதத்துலயே, அதாவது 35, 40 டிகிரிலயே ஈஸ்ட் போட்டு பழக்கினதால அது அந்த சூட்டுக்கு அசராது. இப்ப வாஸ் க்வெய்க்னு டிரை பாக்கெட்டாவே வருது, 35லிருந்து 40 வரைக்கும் அதுக்கு சொகுசு, மூணு நாலு நாள்ல முடிச்சுட்டு லேசா ஆரஞ்சு தோல் வாசனையோட நிக்கும். குளிர் நாட்டு ஈஸ்ட் நம்ம ஊர் வெயிலுக்குப் பொருந்தறது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஒரே கண்டிஷன், அதுக்கு ஊட்டம் ஜாஸ்தி வேணும், சக்கரை நெறய ஊத்தின கிட்ல போட்டா ஈஸ்ட் நியூட்ரியண்ட் கொஞ்சம் சேர்க்கணும். டிசம்பர்ல ராத்திரி 15, 16க்கு எறங்கும்போது அத வெக்காதீங்க, சோம்பிப் போயிடும், அப்ப யுஎஸ்-05 பக்கம் வாங்க.

லிக்விட் ஈஸ்ட் பக்கம் இப்போதைக்கு போகாதீங்க. ரகம் நெறய இருக்கு, உண்மைதான், ஆனா கடைசி வரைக்கும் ஜில்லுனு வரணும், கூரியர் பையன் பைல மத்தியானம் பூரா சுத்திட்டு வந்த லிக்விட் ஈஸ்ட்ட நம்பி 23 லிட்டர் போட முடியாது.

இங்க ப்ரூ பப்ல வீட் பீர் (கோதுமை பீர்) குடிச்சா வாழப்பழ வாசனை தூக்குது. எசென்ஸ் ஊத்தறாங்கன்னு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்றான். பெட் கட்டியிருக்கேன், பதில் சொல்லுங்க.
– கோரமங்களா வாசகர்

காச வாங்கிக்கோங்க. அது ஈஸ்ட் வேலை. ஜெர்மன் வீட் பீர் ஈஸ்ட் புளிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட்னு ஒண்ண உண்டாக்கும், பழுத்த வாழப்பழத்துல இருக்கறதும் அதேதான். கூடவே லேசா கிராம்பு வாசனை வருதான்னு பாருங்க, அது 4-வினைல் குவாயகால், அதுவும் ஈஸ்ட்தான். கொஞ்சம் சூடா புளிக்க விட்டா வாழப்பழம் தூக்கலா இருக்கும், 18 டிகிரி பக்கம் புடிச்சா கிராம்பு முன்னாடி வரும். அதே மால்ட் தண்ணிய ரெண்டு பக்கெட்ல பிரிச்சு ஒண்ணுல டபிள்யூபி-06ங்கற வீட் பீர் ஈஸ்ட், இன்னொண்ணுல யுஎஸ்-05 போட்டா, ரெண்டும் ஒரே டின்ல இருந்து வந்துச்சுன்னு உங்க ஃப்ரெண்டு சத்தியமா நம்ப மாட்டான், அடுத்த பெட்டுக்கு வெச்சுக்கோங்க.

பேக்கரி ஈஸ்ட் கிலோ கணக்குல கிடைக்குதே, அத போட்டா என்ன? எங்க பாட்டி இட்லி மாவுல ஒரு கரண்டி ஊத்தினா போதாதான்னு கேக்கறாங்க.
– ஸ்ரீராம்புரம் வாசகர்

பேக்கரி ஈஸ்ட்டும் ஏல் ஈஸ்ட்டும் ஒரே இனம்தான், சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஃபின்லாந்துல சாஹ்தினு ஒரு நாட்டு பீர பேக்கரி ஈஸ்ட் போட்டுத்தான் செய்றாங்க. ஆனா இத வளத்தது காத்து கிளப்பறதுக்கு, வாசனைக்கு இல்ல, வேலை முடிஞ்சும் அடியில படியாம கலங்கலாவே மெதக்கும், ரொட்டி வாடை போகாது. பாட்டிகிட்ட சொல்லுங்க, இட்லி மாவ புளிக்க வெக்கறதுல பெரிய பங்கு பாக்டீரியாவோடது, லூகோநாஸ்டாக்னு பேரு. அத ஊத்தினா பீர் வராது, புளிச்ச தண்ணி வரும்.

கிங்ஃபிஷர் மாதிரி க்ளீனா, சுறுக்குன்னு ஒரு பீர் கிட்ல வருமா? லாகர்னு போட்ட டின் வாங்கினா போதும்ல?
– எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

போதாது. லாகர்னா குளிர்ல மெதுவா புளிக்க வெக்கற பீர். பல கிட்ல லேபிள் லாகர்னு இருக்கும், மூடிக்கு அடியில இருக்கறது ஏல் ஈஸ்ட். கம்பெனிய குத்தம் சொல்லியும் பிரயோஜனமில்ல, வாங்கறவங்க வீட்ல 12 டிகிரி இருக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். நெஜ லாகர் ஈஸ்ட் இனமே வேற, சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ், ஏல் ஈஸ்ட்டுக்கும் குளிர் தாங்கற ஒரு காட்டு ஈஸ்ட்டுக்கும் பொறந்த கலப்பு. அந்தக் காட்டு ஈஸ்ட் யாருன்னே ரொம்ப நாள் தெரியாம இருந்து, 2011ல தான் அர்ஜென்டினா பக்கம் படகோனியா காட்டுல மரத்துல கண்டுபிடிச்சு யூபயானஸ்னு பேர் வெச்சாங்க, அப்புறம் திபெத்துலயும் அயர்லாந்து மண்ணுலயும் கூட கிடைச்சுது. அதுக்கு முன்னாடியே 1883ல கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் லேப்ல எமில் கிறிஸ்டியன் ஹான்சன்ங்கறவர் ஒத்த செல்ல பிரிச்சு சுத்தமான லாகர் ஈஸ்ட் வளத்துக் காட்டினார், கம்பெனி அத பூட்டி வெக்காம மத்தவங்களுக்கும் குடுத்துச்சு. இன்னிக்கு உலகம் பூரா குடிக்கற மஞ்ச பீருக்கு வழி விட்டது அதுதான்.

டிரை பாக்கெட்ல டபிள்யூ-34/70ங்கற லாகர் ஈஸ்ட் வாங்கலாம். ஆனா பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணும், அத ஆன் ஆஃப் பண்ண டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் வேணும், 12 டிகிரி பக்கம் ரெண்டு வாரம், கடைசில ஒரு ரெண்டு நாள் 16, 18க்கு ஏத்தி வெண்ணெய் வாடைய போக்கணும், அப்புறம் பூஜ்யத்துக்கு பக்கத்துல வெச்சு சில வாரம் காத்திருக்கணும். ஈஸ்ட்டும் ரெண்டு மடங்கு. இவ்ளோவும் செஞ்சு வர்றது கடையில கிடைக்கற அதே சுவைன்னா எனக்கு அந்த ஃப்ரிட்ஜ்ல தயிர் வெச்சுக்கலாம்னு தோணும்.

என் தம்பி டொராண்டோல போட்ட பீர் பாட்டில் அலமாரிக்குள்ளயே வெடிச்சுதாம். நாலாம் நாளே குமிழ் நின்னுடுச்சு, அதான் பாட்டில்ல ஊத்தினேங்கறான். கண்ணாடி கண்ணுல படாம தப்பிச்சான். என்ன தப்பு?
– காக்ஸ் டவுன் வாசகி

குமிழ நம்பினது. ஏர்லாக்ல, அதாவது காத்த வெளிய மட்டும் விடற மூடிக் குழாய்ல, குமிழ் நின்னா புளிக்கறது முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல, மூடி லூஸா இருந்தா ஆரம்பத்துல இருந்தே குமிழ் வராது. ஹைட்ரோமீட்டர்னு பீரோட அடர்த்திய காட்டற, மெதக்கற கண்ணாடிக் குழாய் ஒண்ணு இருக்கு, தம்பிய அத வாங்கச் சொல்லுங்க. கிட் பீர் ஆரம்பத்துல 1.042 மாதிரி காட்டும், முடியும்போது 1.010 பக்கம். மூணு நாள் தொடர்ந்து ஒரே நம்பர் காட்டினா மட்டும் பாட்டில். ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசத்த 131ஆல பெருக்கினா போதை சதவீதமும் கிடைச்சுடும், இதுல 4.2.

பாட்டில்ல நுரைக்கு போடற சக்கரை லிட்டருக்கு 6லிருந்து 8 கிராம், கண்ணளவுக்கு ஸ்பூன்ல அள்ளிப் போடக் கூடாது. ஈஸ்ட்டும் என்னன்னு கேளுங்க. சேசான்ங்கற பெல்ஜியம் நாட்டு பீருக்கான ஈஸ்ட் ரகம் சிலதுல டயாஸ்டாட்டிகஸ்னு ஒரு குணம் உண்டு, மத்த ஈஸ்ட் விட்டு வெக்கற பெரிய சக்கரையக் கூட உடைச்சு மெதுவா தின்னுக்கிட்டே இருக்கும், முடிஞ்சுதுன்னு நெனச்சு மூடின பாட்டில்ல வாரக்கணக்குல காத்து ஏறும். அதே பக்கெட்டு, அதே குழாய்ல அடுத்த பீர போட்டா அங்கயும் தொத்திக்கும். மிச்சம் இருக்கற பாட்டில வெறும் கையால தொடாம, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டு, மேல தடிப்பான துண்டு போர்த்தி அப்படியே ஃப்ரிட்ஜுக்கு மாத்தச் சொல்லுங்க, குளிர்ந்த பிறகு மெதுவா தொறந்து காத்த விடணும். அடுத்த தடவை சோடா வர்ற பிளாஸ்டிக் பாட்டில், அமுக்கிப் பாத்தாலே எவ்ளோ காத்து ஏறியிருக்குன்னு தெரியும்.

பையன் லண்டன்ல வேலை. வீட்லயே பீர் செய்றானாம், போன்ல "ரூம் பூரா அழுகின முட்டை நாத்தம்மா"ன்னு சிரிக்கறான். கள்ளச்சாராயம் குடிச்சு கண்ணு போனவங்க கதை எல்லாம் ஞாபகம் வருது. பயமா இருக்கு.
– ஜெயநகர் அம்மா

பயப்படாதீங்கம்மா. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில அத்தன உசுரு போனதுக்கு காரணம் சாராயத்துல கலந்த மெத்தனால், அது தொழிற்சாலைக்கு வர்ற கெமிக்கல். உங்க பையன் காய்ச்சி வடிக்கல, எதையும் வாங்கிக் கலக்கல, பார்லி சக்கரைய ஈஸ்ட் தின்னு வர்ற பீர்ல கண்ண கெடுக்கற அளவுக்கு மெத்தனால் வர வழியில்ல. முட்டை நாத்தம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, சில ஈஸ்ட், முக்கியமா லாகர் ரகம், புளிக்கும்போது விடும், தானா போயிடும். மேல பச்சையாவோ கறுப்பாவோ பூஞ்சை படர்ந்தா மட்டும் கொட்டிடச் சொல்லுங்க. அடியில படியற ஈஸ்ட் சேற்ற அப்படியே குடிக்க வேண்டாம்னும் சொல்லுங்க, வயிறு பலூன் மாதிரி ஊதிடும். மிச்ச ஈஸ்ட்ட அங்க காசாக்கியே இருக்காங்க, இங்கிலாந்து பர்ட்டன்ல 1902ல ஆரம்பிச்ச, ரொட்டில தடவற மார்மைட், பீர் கம்பெனி மிச்ச ஈஸ்ட்ல வந்ததுதான். எவ்ளோ குடிக்கறான்ங்கறது வேற கேள்வி, அத நீங்கதான் கேக்கணும்.

பக்கெட்ட டெட்டால் போட்டு கழுவினா போதுமா? தண்ணி எது நல்லது, காவேரியா, போர்வெல்லா, கேனா?
– அல்சூர் வாசகர்

ஐயோ, டெட்டால் வேண்டாம். அதுல இருக்கறது குளோரோசைலினால், பிளாஸ்டிக்ல ஒட்டிக்கிட்டா எத்தன தடவை கழுவினாலும் பீர்ல ஆஸ்பத்திரி வாசனை. மொதல்ல வாசனை இல்லாத சோப்புத்தண்ணில அழுக்க எடுக்கணும், சொரசொரப்பான ஸ்க்ரப்பர் போடக் கூடாது, கீறல்ல கிருமி குடியேறிடும். அப்புறம் கிருமி நாசினி, ஸ்டார் சான் மாதிரி ஆசிட் வகையோ அயோடோஃபாரோ, சொன்ன அளவுல கலக்கினா திரும்ப அலச வேண்டியதில்ல. நுரை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பரவாயில்ல. பீர் கொதிச்சு ஆறினதுக்கு அப்புறம் அத தொடற எல்லாத்துக்கும் இது உண்டு, கத்தரிக்கோல், ஈஸ்ட் பாக்கெட்டோட வெளிப்பக்கம் உட்பட.

தண்ணி விஷயத்துல கிட் காரங்களுக்கு கவலை கம்மி. மால்ட் காய்ச்சினப்பவே தேவையான உப்பெல்லாம் டின்னுக்குள்ள வந்துடுச்சு, அதனால ஆர்ஓ தண்ணி, கேன் தண்ணி தாராளமா ஊத்தலாம். காவேரி தண்ணில குளோரின் இருக்கும், அது ஈஸ்ட் உண்டாக்கற ஃபீனாலோட சேந்தா பேண்ட் எய்ட் வாடை, டெட்டாலுக்கு அண்ணன். நல்லா கொதிக்க வெச்சு ஆற வெச்சு ஊத்துங்க. போர்வெல் தண்ணி உங்க கெட்டில்ல வெள்ளையா படியற ரகம்னா விட்டுடுங்க, அந்த உப்பு மேல டின் உப்பும் சேந்தா கசப்பு கரகரன்னு நாக்குல நிக்கும்.